வந்தேறிகள் எழுதிய வம்சாவளி

1430ஐ ஒட்டிய ஒரு நல்ல நாளில், டெனோச்டிட்லான் என்ற தீவு நகரத்தின் அரசன் இட்ஸ்கோவாட்ல், ஊரில் இருந்த சரித்திர ஏடுகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லிக் கொளுத்தினான். இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, அவற்றில் ஏகப்பட்ட பொய் இருக்கிறது. இரண்டு, எல்லா விஷயமும் எல்லாருக்கும் தெரியவேண்டியதில்லை. இரண்டாவதைச் சொன்ன பிறகு முதலாவதை யார் நம்புவார்கள்?

ஏடு எரிந்தது, ஊர் வாய் எரியவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அபார ஞாபகசக்தி. பிற்காலத்தில் டியேகோ துரான், சஹாகூன் போன்ற ஸ்பானியப் பாதிரிமார்கள் கிழவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் கதை கேட்டார்கள். ஆஸ்டெக் என்று இன்று உலகம் சொல்லும் மெஷீகா கூட்டத்தின் பூர்வாசிரமம் அப்படித்தான் அம்பலத்துக்கு வந்தது. எரித்ததற்கான காரணமும் கூடவே வந்தது.

தாய்மாமன் சீர்

வடக்கே ஆஸ்ட்லான் என்ற இடத்திலிருந்து புறப்பட்டோம் என்பார்கள். அது எங்கே என்று இன்றுவரை யாருக்கும் பிடிபடவில்லை. குலசாமியின் பெயர் ஹுயிட்சிலோபோச்ட்லி. இதை ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொன்னால் பூசை நேரம் தவறிவிடும் என்பதால் நாம் ஹுயிட்சி என்று வைத்துக்கொள்வோம். சாமியை மூட்டையாகக் கட்டிப் பூசாரிகள் முதுகில் சுமந்து வந்தார்கள். மூட்டைக்குள்ளிருந்து சாமி பேசும். பூசாரிகளுக்கு மட்டும் கேட்கும். உலகம் முழுக்க நடைமுறையில் உள்ள ஏற்பாடுதான்.

வழியில் சாமிக்கும் அதன் சகோதரி மலினல்ஷோச்சிட்லுக்கும் ஒத்துப்போகவில்லை. சூனியக்காரி என்று பட்டம் கட்டி, அவள் அசந்து தூங்கியபோது அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கண்விழித்தவள் அழுதாள், பிறகு கோபில் என்றொரு பிள்ளையைப் பெற்று, மாமனைப் பழிவாங்கச் சொல்லி வளர்த்தாள்.

13ஆம் நூற்றாண்டில் இவர்கள் மெக்சிகோ பள்ளத்தாக்கில் வந்து இறங்கியபோது நல்ல நிலமெல்லாம் பட்டா போட்டு முடிந்திருந்தது. டெஷ்கோகோ ஏரியைச் சுற்றிலும் நாகரிகமான ஊர்கள். எல்லாருக்கும் பழைய டோல்டெக் வம்சத்தோடு ஏதாவது ஒரு வழியில் உறவு. இவர்களுக்கு மூட்டையோடு மட்டும்தான் உறவு. சபுல்டெபெக் குன்றில் குடிசை போட்டார்கள். கொஞ்ச காலத்தில் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் ஒன்றுசேர்ந்து அடித்துத் துரத்தின. பிழைத்தவர்கள் கொல்ஹுவாக்கான் அரசனின் காலில் விழ, அவன் பெரிய மனது பண்ணி டிசாபான் என்ற பொட்டலைக் காட்டினான். அங்கே பயிர் பச்சை கிடையாது, பாம்புதான் உண்டு. கொஞ்ச நாளில் கணக்கு தீர்ந்துவிடும் என்பது அரசனின் ஏற்பாடு.

ஆள் அனுப்பிப் பார்த்தால் அடுப்பெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது. சட்டியில் பாம்பு. வறுத்தது ஒரு பக்கம், வேகவைத்தது ஒரு பக்கம். சனங்கள் முன்னைவிடக் கொழுகொழுவென்று இருக்கிறார்கள். பாம்புகள்தான் ஊரைக் காலி செய்துகொண்டிருந்தன.

இப்பேர்ப்பட்ட ஆட்களைச் சும்மா வைத்திருப்பானேன் என்று ஷோச்சிமில்கோ மீது சண்டைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்களிடம் எத்தனை பேரை வீழ்த்தினீர்கள் என்று கேட்டபோது சாக்கைக் கவிழ்த்தார்கள். உள்ளே வெட்டிய காதுகள். கேட்டவர்களுக்கு மேற்கொண்டு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

அடுத்து, கொல்ஹுவாக்கான் அரசனிடமே பெண் கேட்டார்கள். எங்கள் குலதெய்வத்தோடு சேர்த்து அம்மனாகவே வைத்துக் கும்பிடுகிறோம் என்றார்கள். தகப்பன் மனம் குளிர்ந்து அனுப்பிவைத்தான். பிறகு விழாவுக்கும் அழைத்தார்கள். வந்தவன் இருட்டான கோவிலுக்குள் நின்று தூபக்கிண்ணத்தை ஊதினான். கங்கு பிரகாசித்தபோது எதிரே நின்ற பூசாரி தன் மகளின் தோலை உரித்துப் போர்த்தியிருப்பதைக் கண்டான். இந்த இடத்தில் என்ன எழுதினாலும் சிரிப்பு வராது. அவனும் சிரிக்கவில்லை. ஊரையே திரட்டிக்கொண்டு வந்து அத்தனை பேரையும் ஏரிக்குள் விரட்டினான்.

இடுப்பளவு சேற்றில் கோரைக்கு நடுவே நின்றபோதுதான் அந்தப் புகழ்பெற்ற காட்சி: பாறையில் முளைத்த சப்பாத்திக்கள்ளி, அதன்மேல் கழுகு. இங்கேதான் நகரம் என்று சாமி சொல்லிவிட்டது. 1325 என்று ஆண்டும் குறித்துவைத்தார்கள். மெக்சிகோவின் கொடியில் இன்றும் அந்தக் கழுகு உட்கார்ந்திருக்கிறது. கள்ளி எப்படி முளைத்தது என்பதைக் கொடியில் போடவில்லை. பழிவாங்க வந்த கோபிலைக் கொன்று, அவன் இதயத்தைப் பிடுங்கி ஏரியில் வீசியிருந்தார்கள். அது விழுந்த இடத்தில் முளைத்ததுதான் அந்தக் கள்ளி. தாய்மாமன் மருமகனுக்குச் செய்த சீர் இப்படி ஒரு தலைநகரமாக முடிந்தது.

முட்டையோடு வந்த வாடகை

ஏரிக்கும் சொந்தக்காரன் இருந்தான். அஸ்கபோட்சால்கோவின் டெசோசோமோக். கிழடு தட்டியபின் கூடையில் பஞ்சுக்குள் பொதித்து வெயிலில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று ஏடுகள் சொல்லும் அளவுக்கு நீண்ட ஆயுள்காரன். வாடகை கேட்பதில் அவனுக்கு நிகர் கிடையாது. காய்கறி பயிரிட்ட மிதக்கும் தோட்டத்தை அப்படியே ஏரியில் இழுத்துக்கொண்டு வாருங்கள் என்றான். கொண்டுபோனார்கள். மறுமுறை, தோட்டத்தில் ஒரு வாத்தும் ஒரு நாரையும் அடைகாக்க வேண்டும், என் கரையில் வந்து சேரும் நேரத்தில் முட்டை பொரிய வேண்டும் என்றான். இவர்கள் உட்கார்ந்து அழுதார்கள். சாமி மூட்டையிலிருந்து தைரியம் சொன்னது. முட்டையும் சரியாகப் பொரிந்ததாம். இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தச் சாமிக்குக் கோவில் கட்டலாம்.

வாடகையைக் குறைக்க வழி, வீட்டுக்காரனிடமே சம்பந்தம் வைப்பதுதான். அதற்கு முதலில் ஒரு வம்சம் வேண்டும். எனவே கொல்ஹுவாக்கான் ராஜ ரத்தம் ஓடும் அகமாபிச்ட்லியைக் கூப்பிட்டு அரசனாக உட்காரவைத்தார்கள். மகளின் தோல் விவகாரம் நடந்து இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இரு தரப்பின் பெருந்தன்மையும் புல்லரிக்க வைக்கிறது. அவன் மகன் ஹுயிட்சிலிஹுயிட்ல், டெசோசோமோக்கின் மகளையே கட்டினான். பேரன் பிறந்ததும் கப்பம் நாலைந்து வாத்து, மீன், தவளை என்று சுருங்கியது. தாத்தாவின் பாசம் தவளைக் கணக்கில் அளக்கப்பட்ட ஒரே அரசகுலம் இதுதான்.

தாத்தா 1426இல் கண்மூடியதும் பாசம் முடிந்தது. அவர் மகன் மாஷ்ட்லா பட்டத்தைப் பிடித்தான். பேரன் செத்தான். டெனோச்டிட்லானில் அடுத்து பட்டத்துக்கு வந்தவன்தான் நம் இட்ஸ்கோவாட்ல். அகமாபிச்ட்லிக்கு ஓர் அடிமைப் பெண் பெற்ற பிள்ளை. வம்சாவளி என்ற சொல்லைக் கேட்டாலே இவனுக்கு ஏன் நெஞ்சு அடைத்தது என்று இப்போது விளங்கும்.

மாஷ்ட்லாவோடு போர் என்றதும் குடிமக்கள் நடுங்கினார்கள். துரான் எழுதிவைத்தபடி, அப்போது பிரபுக்களுக்கும் குடிமக்களுக்கும் ஓர் ஒப்பந்தம் நடந்தது. தோற்றால் எங்கள் மாமிசத்தை உடைந்த அழுக்குச் சட்டியில் போட்டுத் தின்றுகொள்ளுங்கள் என்றார்கள் பிரபுக்கள். ஜெயித்தால் தலைமுறை தலைமுறையாக உங்களுக்கு உழைக்கிறோம் என்றார்கள் குடிமக்கள். ஜெயித்தார்கள். 1428இல் டெஷ்கோகோவின் நெசவால்கோயோட்லோடும் ட்லகோபானோடும் சேர்ந்து முக்கூட்டணி உருவானது. நீராவிக் குளியலறைக்குள் ஒளிந்திருந்த மாஷ்ட்லாவை இழுத்து வந்து கொன்றார்கள் என்பது டெஷ்கோகோ தரப்புக் கதை. நிலம் பங்கு போட்டபோது பிரபுக்களுக்குத் தாராளம், குடிமக்களுக்குக் கிள்ளி. அதுதான் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே என்றார்கள். அந்த ஒப்பந்தம் உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்கப் பழைய ஏட்டைத் தேடியிருந்தால் சாம்பல்தான் கிடைத்திருக்கும்.

சூரியனுக்குப் பசி

ஏடு எரிந்த இடத்தில் புது ஏடு வேண்டுமே. அரசனுக்குப் பக்கபலமாக இருந்தவன் ட்லகாயெலெல். அடுத்தடுத்த அரசர்களுக்கும் அவன்தான் மூளை என்று மெஷீகா மரபு சொல்கிறது. டோல்டெக் வாரிசு என்ற பெருமையும், மூட்டையில் வந்த ஹுயிட்சிக்கு மற்ற சாமிகளுக்கு மேலே ஓர் ஆசனமும் இந்தக் காலத்தில்தான் நிலைத்தன.

பள்ளத்தாக்கில் ஏற்கெனவே அருமையான புராணங்கள் புழக்கத்தில் இருந்தன. இது ஐந்தாவது சூரியன் என்பது அவற்றில் ஒன்று. முந்தைய நான்கு உலகங்களும் அழிந்தன: ஒன்றை ஜாகுவார் புலிகள் தின்றன, ஒன்றைக் காற்று அடித்துப்போனது, ஒன்றில் நெருப்பு மழை, ஒன்றில் வெள்ளம். ஐந்தாவதுக்குத் தேவர்கள் டெயோட்டிஹுவாகானில் கூடி, யார் தீயில் குதித்துச் சூரியனாவது என்று விவாதித்தார்கள். பகட்டு உடையில் வந்த டெகுசிஸ்டெகாட்ல் முன்வந்தான். நான்கு முறை ஓடிவந்து நான்கு முறையும் நெருப்பின் விளிம்பில் பிரேக் போட்டான். பொறுத்துப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் புண்ணோடு ஓரமாக நின்ற நானாவாட்சினைக் கூப்பிட்டார்கள். அவன் கண்ணை மூடிக் குதித்துவிட்டான். மானம் போன டெகுசிஸ்டெகாட்லும் பின்னாலேயே குதித்தான். வானத்தில் இரண்டு சூரியன். கடுப்பான ஒரு தேவன் ஒரு முயலைத் தூக்கி இரண்டாவதன் முகத்தில் எறிய, ஒளி மங்கி அது நிலாவானது. அந்த முயல் இன்னும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பௌர்ணமியன்று பார்க்கலாம்.

சூரியன் வந்தது, ஆனால் நகரவில்லை. உங்கள் உயிரைக் கொடுத்தால்தான் நகர்வேன் என்றது. தேவர்கள் வரிசையில் நிற்க, ஷோலோட்ல் என்பவன் மட்டும் நைசாக நழுவினான். சோளப் பயிராக மாறினான், பிடித்தார்கள். கற்றாழையாக மாறினான், பிடித்தார்கள். தண்ணீருக்குள் ஆக்சோலோட்ல் என்ற பிராணியாக மாறினான், அங்கேயும் பிடித்தார்கள்.

தேவர்களே உயிரைக் கொடுத்தார்கள் என்றால் மனிதன் எம்மாத்திரம் என்ற தர்க்கம் இங்கிருந்து வருகிறது. தினமும் சூரியன் எழ ரத்தம் வேண்டும், ரத்தத்துக்குக் கைதி வேண்டும், கைதிக்குப் போர் வேண்டும், போர் முடிந்தால் கப்பம் தானாக வரும். நரபலி அதற்கு முன்பும் அந்தப் பிரதேசத்தில் இருந்ததுதான். ஒரு பேரரசின் வரவு செலவையே சூரியனின் சாப்பாட்டு நேரத்தோடு முடிச்சுப் போட்டதுதான் இவர்களின் கைங்கரியம்.

1487இல் பெரிய கோவில் திறப்பு விழாவில், அஹுயிட்சோட்ல் அரசன் நான்கு நாளில் 80,400 பேரைப் பலி கொடுத்தான் என்று துரான் எழுதுகிறார். வகுத்துப் பாருங்கள். ராப்பகல் ஓயாமல், நிமிடத்துக்கு 14 பேர். கத்தியைத் துடைக்கக்கூட நேரமில்லை. 2015 முதல் மெக்சிகோ நகரில் தோண்டியெடுத்த மண்டையோட்டு மேடையில் 600க்கு மேற்பட்ட தலைகள் கிடைத்துள்ளன. அதுவே குலை நடுங்கவைக்கும் எண்ணிக்கை. ஆனால் பெரிய எண் இரு தரப்புக்கும் சௌகரியம். மெஷீகாவுக்கு அக்கம்பக்கத்தில் பயம் விளைந்தது, ஸ்பானியர்களுக்குத் தாங்கள் செய்ததற்கெல்லாம் நியாயம் கிடைத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரே கணக்கு இதுதான்.

அம்மாவைப் பார்க்கப் போனார்கள்

வசதி வந்தால் பூர்வீகத்தைப் பார்க்க ஆசை வரும். 1440இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மோக்டெசுமா, ஆஸ்ட்லானைக் கண்டுபிடித்து, ஹுயிட்சியின் தாய் கோவாட்லிக்யூ உயிரோடு இருந்தால் சீர்வரிசை கொடுத்துவிட்டு வாருங்கள் என்று 60 மந்திரவாதிகளை அனுப்பினான். மனித உருவில் போனால் வழி தெரியாது என்பதால் பறவையாகவும் மிருகமாகவும் மாறிப் போனார்களாம்.

போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கிழவர், இங்கிருந்து புறப்பட்ட பெரியவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி நலம் விசாரித்தார். எல்லாரும் காலமாகிவிட்டார்கள் என்றதும் திடுக்கிட்டுப் போனார். இங்கே நாங்கள் எல்லாரும் இருக்கிறோமே, அவர்களை யார் கொன்றது என்று கேட்டார். பிறகு மூட்டை முடிச்சுகளைத் தோளில் போட்டுக்கொண்டு மணல் குன்றில் விறுவிறுவென்று ஏறினார். பின்னால் வந்த மந்திரவாதிகள் முழங்கால் வரை புதைந்து, அப்புறம் இடுப்பு வரை புதைந்து, அங்கேயே நின்றுவிட்டார்கள். கிழவர் இறங்கிவந்து, அங்கே என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார். சாக்லேட் குடிக்கிறோம் என்றார்கள் பெருமையாக. அதனால்தான் உடம்பு கனத்துவிட்டது, செத்தும் போகிறீர்கள் என்றார் கிழவர்.

அம்மா வந்தாள். மகன் போன நாளிலிருந்து முகம் கழுவவில்லை, தலை வாரவில்லை, துணி மாற்றவில்லை. போவதற்கும் திரும்பி வருவதற்கும் சேர்த்துச் செருப்பு வாங்கிக்கொண்டு போனான், இன்னும் வரக்காணோம் என்று அழுதாள். அவன் எந்த வரிசையில் ஊர்களைப் பிடித்தானோ அதே வரிசையில் இழந்துவிட்டு என்னிடம் வருவான் என்று சொல்லிப்போனதையும் நினைவுபடுத்தினாள். கொண்டுபோன பகட்டுக்கெல்லாம் பதிலாகக் கற்றாழை நாரில் நெய்த ஒரு மேல்துணியும் கோவணமும் மகனுக்குக் கொடுத்தனுப்பினாள். அரசனும் ட்லகாயெலெலும் இதைக் கேட்டு அழுதார்களாம். சாக்லேட்டை நிறுத்தியதாகத் தகவல் இல்லை.

ஒழுக்கமும் முயல்களும்

இந்த ஊரில் ஒழுக்கம் கெட்டியானது. புல்கே என்ற கற்றாழைக் கள்ளுக்கு 400 முயல்கள் சாமி. நாற்பது விதமாக உளறினால் நாற்பது முயல் உள்ளே இருக்கிறது என்று பொருள். ஆனால் குடித்துவிட்டு ஆடிய இளவட்டங்களுக்கு மரண தண்டனைவரை போகும். பேரன் பேத்தி கண்ட கிழடுகள் மட்டும் வேண்டுமட்டும் குடிக்கலாம். முதுமையை இத்தனை ஆவலோடு எதிர்பார்த்த சமுதாயம் வேறு இருந்திருக்காது.

பாவமன்னிப்புக்கும் ஓர் அம்மன் உண்டு, ட்லசோல்டெயோட்ல். ஆயுளில் ஒரே ஒரு முறைதான் மன்னிப்பாள். எனவே மக்கள் சாமர்த்தியமாக, பாவம் செய்யத் தெம்பு தீரும்வரை காத்திருந்து பிறகு பூசாரியிடம் போனார்கள் என்று சஹாகூன் எழுதியிருக்கிறார். சொல்பேச்சு கேட்காத பிள்ளைகளை அப்பா அம்மா மிளகாய்ப் புகையில் முகம் காட்டவைக்கும் படம் மெண்டோசா ஏட்டில் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம் அடுப்படிக்கு வந்த அதே மிளகாய். நாம் அதே புகையைப் பிள்ளைகளுக்குத் திருஷ்டி கழிக்கப் பயன்படுத்துகிறோம். இருமல் இரு நாட்டிலும் ஒன்றுதான்.

பல் விளக்காத போர்

1473இல் டெனோச்டிட்லானை ஒட்டியிருந்த இரட்டை நகரம் ட்லடெலோல்கோவை அஷாயாகாட்ல் அரசன் விழுங்கினான். ட்லடெலோல்கோவின் சந்தை பள்ளத்தாக்கிலேயே பெரியது. காரணமாகச் சந்தையை யாரும் சொல்லவில்லை. அரசனின் சகோதரியை அங்கே மோகிஹுயிஷுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பல் சொத்தையாகி வாய் நாற்றம் அடித்ததால் புருஷன் ஒதுக்கிவைத்தான், அவள் பிறந்தவீட்டில் வந்து அழுதாள், அதனால் படையெடுத்தோம் என்றார்கள். மோகிஹுயிஷ் கோவில் உச்சியிலிருந்து விழுந்து செத்தான். ஜெயித்தவர்கள் சொன்ன கதை என்பதை மனதில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அதே அஷாயாகாட்ல் மேற்கே டராஸ்கன் நாட்டுக்குப் போய்ச் செம்மையாக உதை வாங்கித் திரும்பினான். கிழக்கே ட்லாஷ்கலாவையும் பிடிக்க முடியவில்லை. சுற்றி வளைத்து, உப்புக்குக்கூட வழியில்லாமல் செய்தார்கள், அப்போதும் மசியவில்லை. இளைஞர்களுக்குப் போர்ப் பயிற்சி வேண்டும், பலிக்குக் கைதி வேண்டும், அதற்காகத்தான் விட்டுவைத்திருக்கிறோம் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்.

ஆளுக்கொரு சரித்திரம்

1519 நவம்பர் 8 அன்று எர்னான் கோர்டெஸ் சில நூறு ஸ்பானியர்களோடும், உப்பில்லாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கடுப்பேறிய ஆயிரக்கணக்கான ட்லாஷ்கலா வீரர்களோடும் ஊருக்குள் நுழைந்தான். 1521 ஆகஸ்ட் 13 அன்று, பெரியம்மையும் முற்றுகையும் தின்று தீர்த்த நகரம் விழுந்தது. மிச்சத்தைப் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லும்: வந்தவன் கெட்சல்கோவாட்ல் சாமி என்று நினைத்து இரண்டாம் மோக்டெசுமா நடுங்கிப்போய் நாட்டைத் தூக்கிக் கொடுத்தான்.

கோர்டெஸ் எழுதிய கடிதங்களில் கெட்சல்கோவாட்ல் என்ற பெயரே கிடையாது. எங்கள் முன்னோரின் பழைய தலைவன் அனுப்பிய ஆள் நீங்கள், நாடு உங்களுடையது என்று மோக்டெசுமா மனமுவந்து சொன்னதாக மட்டும் எழுதுகிறான். 1520 அக்டோபரில் அதை எழுதும்போது மோக்டெசுமா உயிரோடு இல்லை, மறுக்க வரமாட்டான். கோர்டெஸுக்கோ க்யூபா ஆளுநரின் உத்தரவை மீறிக் கிளம்பிவந்த வழக்கு தலைக்கு மேலே தொங்கியது. நாடு தானமாக வந்தது என்று சொன்னால்தான் ஸ்பெயின் அரசர் கழுத்தைத் தடவிக் கொடுப்பார், இல்லையென்றால் வெட்டிவிடுவார்.

சாமி என்று நினைத்தான், பயந்து ஓடி ஒளியப் பார்த்தான் என்ற விவரங்கள் எங்கிருந்து வந்தன? சஹாகூனின் நூலில், படையெடுப்பைப் பற்றிய பன்னிரண்டாம் பாகம் முக்கியமான சாட்சி. அதற்குக் கதை சொன்ன கிழவர்களில் பெரும்பாலானோர் ட்லடெலோல்கோக்காரர்கள். மோக்டெசுமா யார்? சொத்தைப் பல்லைச் சாக்கு வைத்து அவர்கள் ஊரை விழுங்கிய அஷாயாகாட்லின் சொந்தப் பிள்ளை. அவர்கள் சொன்ன கதையில் டெனோச்டிட்லான்காரன் கோழை, ட்லடெலோல்கோக்காரன் கடைசிவரை நின்று போராடிய வீரன். எண்பது வருடம் காத்திருந்து வாயாலேயே பழிதீர்த்துக்கொண்டார்கள்.

ட்லாஷ்கலாக்காரர்கள் பெரிய துணியில் படமே வரைந்துவிட்டார்கள். அதில் போரை ஜெயிப்பது அவர்கள்தான், ஸ்பானியர்கள் கூடமாட இருக்கிறார்கள். அதைக் காட்டிச் சலுகைகளும் வாங்கினார்கள். அதைப் பார்த்த பக்கத்து ஊர் ஹுவெஷோட்சிங்கோவுக்குப் பொறுக்குமா? 1560இல் அதன் நகரசபையினர் அரசர் இரண்டாம் பிலிப்புக்குத் தங்கள் நாவாட்ல் மொழியில் மனு எழுதினார்கள். முழு மனதோடு உங்களுக்கு உதவியவர்கள் நாங்கள், ட்லாஷ்கலாக்காரர்கள் முதலில் உங்களோடு சண்டைக்கு வந்தவர்கள், எங்களை யாரும் பலவந்தப்படுத்தவில்லை என்றெல்லாம் சரித்திரத்தை விரிவாக அடுக்கிவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள்: ஆகவே எங்களுக்குப் போட்ட வரியைக் குறைக்க வேண்டும். சரித்திரம் எழுதுவதற்கு இதைவிட நேர்மையான காரணத்தை அந்த நாட்டில் அதற்கு முன்போ பின்போ யாரும் ஒப்புக்கொண்டதில்லை.